மணல் பேரில் எழுதிய தண்ணீர்

வீரணம்பட்டி நீர்ப்பாய்ச்சி விருமாண்டியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை வைகையின் இரண்டு கரையிலும் தேடினாலும் பார்க்க முடியாது. மடையில் பலகையைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவான். பாதி வழியில் நின்று, போட்டோமா இல்லையா என்று யோசிப்பான். திரும்பிப் போய்ப் பார்ப்பான், போட்டுத்தான் இருக்கும். வானம் கறுத்தால் வெள்ளம் வந்து கால்வாய்க் கரையை உடைத்துவிடுமோ என்று பயம், வெளுத்தால் பயிர் காய்ந்துவிடுமோ என்று பயம். "எதையாச்சும் நெனச்சுப் பயந்தாத்தேன் இந்த மனுசனுக்குச் சோறு செரிக்கும்" என்பாள் அவன் பெண்டாட்டி சீனியம்மாள். ஊர் அவனை அந்த வேலையில் வைத்திருந்ததற்கும் அதுதான் காரணம். பயப்படுகிறவன் கையில் தண்ணீர் வீணாகாது.

ஆற்றிலிருந்து ஊர்க் கால்வாய் பிரிகிற இடத்தில் இரண்டு கல்தூண்களும், அவற்றின் பள்ளத்தில் இறங்குகிற பலகைகளும்தான் மடை. பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் மடைக்கருப்பு சாமி. தை பிறந்ததும் கருப்பு முன்னால் வைத்து ஊர் மண்வெட்டியை நாட்டாமை எடுத்துக் கொடுப்பார். அதை வாங்குகிறவன்தான் அந்த வருடத்து நீர்ப்பாய்ச்சி. சம்பளம் கிடையாது. கால்வாயின் கடைசியில் ஒரு துண்டு வயல் அவன் அனுபவத்துக்கு. முன்னோர்கள் விவரமானவர்கள்தான், வேண்டுமென்றே அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். வழியில் எவன் வயலிலாவது தண்ணீர் வீணாய்ப் போனால் முதலில் காய்வது நீர்ப்பாய்ச்சியின் பயிர். விருமாண்டி அந்த மண்வெட்டியைப் பன்னிரண்டு தை மாதம் வாங்கியிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருடம், ஆற்றை அளப்பதற்கென்று சர்க்காரிலிருந்து ஒரு கூட்டம் கூடாரத்தோடு வந்து இறங்கியது. ஒரு இஞ்சினீயர், ஒரு ஓவர்சியர், சங்கிலி பிடிக்கவும் கம்பு ஊன்றவும் ஆட்கள். அவர்களில் ஒருவன் ஷேக் தாவூது. மதுரை காஜிமார் தெருக்காரன், அண்ணன்மார் எல்லாம் ஜவுளிக் கடையில் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் வெயிலில் அலைகிற வேலையைத் தேடி வந்தவன். கழுத்து மட்டும் வெளியே தெரிய மிதக்கிற அளவுக்கு மணல் போட்டு அடைத்த ஒரு சர்பத் சீசாவைத் தண்ணீரில் விடுவான். இரண்டு கயிறுகளுக்கு நடுவே அது மிதந்து போகிற நேரத்தை ஓவர்சியர் கடிகாரத்தில் பார்ப்பார். கம்பை ஊன்றி ஆழம் பார்ப்பார்கள். அதிலிருந்து தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவார்களாம். விருமாண்டிக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எதற்காக இதெல்லாம் என்று அவன் தாவூதைக் கேட்டான். மனுசர் கையே படாமல் விட்டால் இந்த ஆறு எம்புட்டுத் தண்ணி கொண்டுவரும் என்று இஞ்சினீயருக்குத் தெரிய வேண்டுமாம். அதற்கு ஒவ்வொரு கால்வாயும் எடுப்பதைக் கூட்ட வேண்டும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்த பெரியாற்றுத் தண்ணீரைக் கழிக்க வேண்டும், மணல் குடிப்பதைச் சேர்க்க வேண்டும் என்றான் தாவூது. விருமாண்டிக்குத் தலை சுற்றியது. மனுசர் கை படாத வைகையை யார் கண்டார்கள்? பாண்டியன் காலத்திலிருந்து எல்லோரும் அதில் கை வைத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

ஊர்க்கூட்டத்தில் நாட்டாமை பேயாண்டிக்கு இந்த விவரம் எதுவும் தேவைப்படவில்லை. அளக்க வருகிறான் என்றால் தீர்வை போட வருகிறான், அவ்வளவுதான் அவருக்கு. அதில் நியாயமும் இருந்தது. வீரணம்பட்டியில் பாதி நிலம் சர்க்கார் கணக்கில் பாசனமில்லாத, தீர்வை குறைந்த புஞ்சை. வருடக்கணக்காக அதில் நெல்தான் விளைந்தது. அதிகாரி வந்தால் குறைத்துக் காட்டுவது, அவர் போனதும் பழையபடி பார்த்துக்கொள்வது என்பது அந்த ஊருக்குப் பழகிப்போன வழக்கம். குற்றப்பரம்பரை என்று பேர் வைத்த ரேகைச் சட்டத்தில் ஆண்பிள்ளைகள் போலீஸிடம் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வருகிற காலம் அது. சர்க்கார் காகிதத்தில் தங்களைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அவர்கள் நினைத்ததை யார் தப்புச் சொல்ல முடியும்?

ஆகவே ஊர் முடிவு செய்தது. அளக்கிற அன்று காலையில் விருமாண்டி மடையில் பலகைகளைப் போட்டான். மேல் பலகை ஒன்றை மட்டும் போடாமல் விட்டான். கால்வாயில் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் போயிற்று. தாவூதின் சீசா தரை தட்டித் தட்டி, இருமுறை நின்றே போனது. ஓவர்சியர் ஏதோ எழுதிக்கொண்டார். கூடாரம் கிளம்பியதும் விருமாண்டி ஓடிப்போய்ப் பலகைகளைப் பிடுங்கிப்போட்டான். அளவுக்காரர்கள் ஊருக்குக் கீழே ஆற்றை அளந்தது மறுநாள். அதற்குள் வீரணம்பட்டிக் கால்வாய் தொடை மட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊரே வாய்க்குள் சிரித்துக்கொண்டது. விருமாண்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் அவன் மகள் ஒச்சாயியைப் பார்க்கப் போனான். சமயநல்லூர்ப் பக்கம் நெடுங்கரையில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அதுவும் ஆற்றுத் தண்ணீரில் பிழைக்கிற ஊர்தான், இவர்களுக்குக் கீழே உள்ள கால்வாய். கூடாரம் அங்கே தோப்பில் அடித்திருந்தது. தொழுகை முடித்து எழுந்த தாவூது அவனைக் கண்டதும் சந்தோஷமாக வந்து பேசினான்.

"எங்க இஞ்சினீயருக்கு ஒரே குஷி அண்ணே" என்றான். "ஒங்க ஊருக்கு மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு. நடுவுல ரொம்பத் தண்ணி கொறையுது. ஒங்க காலுவாயில போறது கொஞ்சந்தானே? மிச்சம் அம்புட்டும் மணல் குடிச்சிருதுன்னு எழுதிட்டாரு."

விருமாண்டிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஊரைப் பிடிக்கவில்லை, மணலைப் பிடித்திருக்கிறார்கள். மணல் தீர்வை கட்டப்போவதில்லை. பிறகு, அவனுக்கே உரிய பயத்தில், மணல் குடித்தால் இஞ்சினீயருக்கு ஏன் குஷி என்று கேட்டான்.

"மணல் குடிச்சா அது வீண்தானே அண்ணே. ஒங்க ஊருக்கு மேலயே கல்லுக் கட்டி ஒரு காலுவா வெட்டி, அந்தத் தண்ணிய மணல்ல எறங்கவிடாம அப்படியே கீழ கொண்டுபோயிட்டா மிச்சந்தானே? அதுக்குத்தான் எழுதப் போறாரு."

விருமாண்டி மகள் வீட்டில் கை நனைக்கவில்லை. ஒச்சாயி வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஆற்றோரமாகவே ஊருக்கு நடந்தான். மணல் குடிக்கவில்லை, குடித்தது நாங்கள். வீரணம்பட்டியின் அத்தனை வயலும் குடித்த தண்ணீர் மணல் பேரில் எழுதியாகிவிட்டது. இனி மணலிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மடை இருக்கும், கருப்பு இருப்பார், தண்ணீர் இருக்காது. பலகையைப் போட்டது தன் கை என்பது அவனை வழியெல்லாம் அரித்தது. அந்தக் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து நடந்தான்.

பேயாண்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவரல்ல. இப்போதே போய் இஞ்சினீயரிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று விருமாண்டி கெஞ்சினான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"காலுவா எப்ப வருமோ, வரும்போது பாத்துக்கலாம்டா. தீர்வை நாளைக்கே வந்துரும்."

விருமாண்டி வீட்டுக்குத் திரும்பினான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. விளைந்து நிற்கிற நெல்லைப் பார்த்தால் புல் முளைத்த தரிசு தெரிந்தது. மகளுக்குப் பின் பிறந்த பையன்கள் இரண்டு பேரும் எந்த ஊரில் கூலிக்குப் போவார்கள் என்று நினைக்க ஆரம்பித்தான். சீனியம்மாள் முதலில் கேலி செய்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திவிட்டாள். பயப்படுகிற புருஷனை அவளுக்குப் பழக்கம். பயந்து பேசாமலிருக்கிற புருஷனை அவள் பார்த்ததில்லை.

ஐப்பசி பிறப்பதற்கு முன் தலையாரி வந்து சொன்னான். மணல் குடிக்கிற கணக்கு நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருப்பதால், மேலே அனுப்புமுன் இஞ்சினீயர் இன்னொரு முறை நேரில் அளக்க வருகிறாராம். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சரியாகச் சந்தேகப்பட்டார். ஊர் பழையபடியே கூடி, பழையபடியே முடிவு செய்தது. பலகை போடு.

அன்று காலை விருமாண்டி மடைக்குப் போனான். பலகைகள் கரையில் அடுக்கியிருந்தன. முதல் பலகையைத் தூக்கினான். தூக்கியவன் அதைப் பள்ளத்தில் இறக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். இறக்கினால் கால்வாய் போய்விடும். இறக்காவிட்டால் தீர்வை வரும், ஊர் அவனைச் சும்மா விடாது. இரண்டு பக்கமும் பயம். எந்தப் பயம் பெரிது என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னால் அது பொய். பலகையைத் தரையில் வைத்தான், அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அளவுக்காரர்கள் வரும்போதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். பின்னாளில் சிலர் அதை வீரம் என்றார்கள். அவன் எழுந்திருக்கக் காலில் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தான் என்பதே நிஜம்.

தாவூது சீசாவை விட்டான். அது கயிற்றுக்குக் கயிறு பறந்தது. ஊன்றிய கம்பு தொடை மட்டத்துக்கு நனைந்து வந்தது. இஞ்சினீயர் பழைய அளவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கரையில் கூடியிருந்த முகங்களைப் பார்த்தார். போன தடவை ஏன் இவ்வளவு இல்லை என்று தெலுங்கு வாடை அடித்த தமிழில் கேட்டார்.

விருமாண்டி எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். "எசமான், அன்னைக்குப் பலகை போட்டிருந்துச்சு. நாந்தேன் போட்டேன். மணல் மேல பழியில்லை."

ஊர் சொல்லித்தான் போட்டேன் என்று அவன் சொல்லவில்லை. இஞ்சினீயர் கோபப்படவும் இல்லை. மணல் கணக்கை அடித்துவிட்டு, இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்டார். அதற்கு யாரும் வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கரைமேல் ஏறி நின்றால் போதும், புஞ்சை என்று எழுதிய நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் நின்றது. விருமாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீரைக் காட்டினால் வயலையும் காட்டியாக வேண்டும் என்பதை இத்தனை பயந்தும் அவன் முழுசாக நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பேயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமலே நடந்து போனார்.

நிலம் அளக்கிற சங்கிலிக்காரர்கள் வந்தார்கள். தீர்வை வந்தது, பழைய வருடங்களுக்கும் சேர்த்தே வந்தது. மாடு விற்றார்கள், தோடு விற்றார்கள். தை பிறந்ததும் மடைக்கருப்பு முன்னால் விருமாண்டியின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி முத்திருளன் என்பவன் கையில் கொடுத்தார் பேயாண்டி. கடைசித் துண்டு வயலும் கூடவே போயிற்று. அவன் நாற்று விட்டிருந்த வயல் அது. எவனும் அவனை அடிக்கவில்லை, வையவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவன் வீட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் தீர்வைக்கு மட்டும் அவன் பேரை வைத்தார்கள். கிஸ்து கட்டப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்டால், "விருமாண்டி வரி கட்டப் போறேன்" என்பான்.

தாவூது தன் சொந்தக்காரரின் விறகுக் கடையில் அவனைச் சேர்த்துவிட்டான். மதுரையில் ஆற்றுக்கு வடகரையில் கடை. பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே குடியேறினான். கோடையில் ஆற்றுக்குள் பெண்கள் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக மொண்டு போவதை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த மணலைப் போய்த் திருடன் என்று எழுதவிட்டோமே என்று இருக்கும்.

வெட்டப்போவதாகச் சொன்ன கால்வாயை யாரும் வெட்டவில்லை. ஒரு வருடம் போனது, ஐந்து வருடம் போனது, யுத்தம் வந்தது. வீரணம்பட்டிக் கால்வாயில் எப்போதும்போலத் தண்ணீர் ஓடியது. தான் உட்கார்ந்திருந்ததால்தான் கால்வாய் நின்றதா என்று தெரிந்துகொள்ள விருமாண்டிக்கு ஆசை. தெரியாமல் செத்துப்போவோமோ என்பது அவனுடைய புதுப் பயம். தாவூதை விசாரிக்கச் சொன்னான். தாவூது விசாரித்துவிட்டு வந்து, மணல் குடிப்பது கொஞ்சம்தான் என்று தெரிந்ததால் கைவிட்டார்கள் என்று ஒருவரும், பணமில்லாமல் கைவிட்டார்கள் என்று ஒருவரும், அப்படி ஒரு யோசனையே எங்களுக்குத் தெரியாது என்று ஒருவரும் சொன்னதாகச் சொன்னான். ஊரோ, கால்வாய் என்பதே விருமாண்டியின் பிரமை என்று தீர்மானித்துவிட்டது. வரி வந்தது நிச்சயம். அதனால் என்ன நடக்காமல் போனது என்பதை எந்தச் சீசாவை விட்டு அளப்பது?

யுத்தம் முடிந்த மறு வருடம், மழை பொய்த்த ஆவணியில், பேயாண்டி விறகுக் கடைக்கே வந்து நின்றார். உடம்பு தளர்ந்திருந்தது. கையில் ஊர் மண்வெட்டி. விருமாண்டி பதறி எழுந்தான்.

மறுபடியும் அளக்க வருகிறார்களாம். இந்தத் தடவை எந்த ஊர்க் கால்வாய் எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்து, அதையே இனிமேல் அந்தந்த ஊருக்கு உரிமைப் பாத்தியதை என்று எழுதப்போகிறார்களாம். முத்திருளனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. போன தடவை சத்தியமாகப் பேசியவன் நின்று, எப்போதும் இவ்வளவுதான் என்று சொன்னால் அதிகாரி நம்புவார். மண்வெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள், கடைசித் துண்டும் உனக்குத்தான். நடந்ததை மறந்துவிடுவோம். பேயாண்டி இவ்வளவையும் நின்றபடியே சொல்லி, மண்வெட்டியை நீட்டினார். பத்து வருடமாக அவன் கை அந்தக் காம்பைத் தேடிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டான், இரண்டு கையாலும்.

அவனும் சீனியம்மாளும் ஊருக்குள் நுழைந்ததை ஊரே வெளியே வந்து பார்த்தது. யாரோ அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்கள். அவள் குடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருமாண்டி நேரே மடைக்குப் போனான். கால்வாயில் தண்ணீர் இடுப்பு மட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த வறண்ட ஆவணியில் இடுப்பு மட்டமா? அவன் ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தான். ஆற்றின் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, முள்ளும் தழையும் மணலும் போட்டுக் கொரம்பு கட்டியிருந்தார்கள். ஆற்றில் வருகிற தண்ணீர் முழுவதும் அந்தக் கொரம்பில் முட்டி மடைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கொரம்புக்குக் கீழே வெறும் மணல்.

"கொறைச்சுக் காட்டித்தானே அன்னைக்குக் கெட்டோம்" என்றார் பேயாண்டி, பின்னால் வந்து நின்று. "இந்தத் தடவை கூட்டியே காட்டிருவோம். நீ ஆமான்னு மட்டும் சொல்லு, போதும்."

இஞ்சினீயர் கூட்டம் முதலில் எங்கே அளக்கிறது என்று விருமாண்டி கேட்டான். கீழேயிருந்து ஆரம்பித்து மேலே வருகிறார்கள், இன்றைக்கு நெடுங்கரையில் இருக்கிறார்கள் என்றார் பேயாண்டி. இந்நேரம் நெடுங்கரைக் கால்வாயில் சீசா தரை தட்டிக்கொண்டிருக்கும். ஒச்சாயியின் வயலுக்கு இவ்வளவுதான் என்று எவனோ எழுதிக்கொண்டிருப்பான். எழுதியது எழுதியதுதான். விருமாண்டி தூரத்தில் தெரிந்த கடைசித் துண்டு வயலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அதில் யாரோ அவனுக்காக உழுது போட்டிருந்தார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினான். நடுக் கொரம்பில் ஏறி நின்று முதல் வெட்டு வெட்டினான். பேயாண்டி கரையிலிருந்து கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை, திரும்பினால் தெம்பு போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். மூன்றாவது நான்காவது வெட்டில் தழை பிய்த்துக்கொண்டது, தண்ணீர் கலங்கலாகக் கீழே இறங்கி மணலில் வழி தேடிக்கொண்டு ஓடியது. கால்வாயில் மட்டம் இறங்கியது. இடுப்பிலிருந்து தொடைக்கு வந்து அங்கே நின்றது. அதுதான் என்றைக்கும் உள்ள அளவு.

கரை ஏறினான். யாரும் திருப்பிக் கேட்கக் காத்திராமல் மண்வெட்டியைக் கழுவிக் கருப்பு முன்னால் சாய்த்து வைத்தான்.

"வாங்கி ஒரு வாய் வெத்தலை மெல்லுற நேரங்கூட வச்சுக்கிறலையே நீ" என்றாள் சீனியம்மாள். பிறகு, விறகுக் கடைக்குத் திரும்ப எடுத்துப்போக வேண்டிய மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.